கிரீன்வே: அரசியலால் பழிவாங்கப்பட்டவரா, வாயால் கெட்டவரா?

கல்வெட்டான்:
ஆஸ்திரேலியாவில் குடியேறிய கட்டடக் கலைஞர்களைப் பற்றிய பேச்சில் நேற்று ஒருவர், "கிரீன்வேயா? கவர்னர் தூக்கிவிட்ட அதிர்ஷ்டக்காரர்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

பிரான்சிஸ் கிரீன்வே பிரிஸ்டல் பக்கத்துக் கல்தச்சர் குடும்பம். 1809இல் திவால். கட்டட ஒப்பந்தம் ஒன்றில் கள்ளக் கையெழுத்துப் போட்டதாக வழக்கு. 1812இல் தூக்குத் தண்டனை, பிறகு அது 14 வருடத் தீவாந்தரமாகக் குறைந்தது. 1814இல் சிட்னியில் கைதியாக இறங்கியவரை 1816இல் கவர்னர் லாக்லன் மக்வாரி அரசாங்கக் கட்டடக் கலைஞராக வைத்துக்கொண்டார். சம்பளம் நாளுக்கு 3 ஷில்லிங். அடுத்த ஆறே வருடத்தில் மக்வாரி கலங்கரை விளக்கம், ஹைட் பார்க் கைதிக் கொட்டடி, வின்ட்சரில் புனித மத்தேயு தேவாலயம், சிட்னியில் புனித ஜேம்ஸ் தேவாலயம், பாரமட்டாவில் பெண் கைதிகளின் தொழிற்கூடம். 1822இல் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். லண்டனிலிருந்து விசாரணைக்கு வந்த ஜான் பிக் என்ற கமிஷனர் "கைதிகளின் ஊருக்கு இத்தனை ஆடம்பரமா?" என்று எழுதிய அறிக்கைதான் காரணம். இது அரசியல் பலி. வேறென்ன?

ஓட்டுவீடு:
கல்வெட்டான் அண்ணா, பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். வந்த வருடமே கவர்னர் ஒரு மாதிரிப் புத்தகத்தைக் கொடுத்து, "இதைப் பார்த்து ஒரு கோர்ட் கட்டடத்துக்கு வரைபடம் போடு" என்றார். தண்டனைக் கைதி என்ன செய்ய வேண்டும்? வரைந்து கொடுக்க வேண்டும். இவரோ, அடுத்தவர் வடிவத்தைப் பிரதி எடுப்பது என் தகுதிக்குக் குறைவு என்கிற தொனியில் கடிதம் எழுதினார். மக்வாரி பொறுத்துக்கொண்டது பெரிய விஷயம். ராணுவ கேப்டன் ஒருவர் பொறுக்கவில்லை. அவருக்கு வரைந்து தர வேண்டியதைத் தாமதித்து, மேலே துடுக்காகக் கடிதமும் எழுதியதற்காகக் குதிரைச் சாட்டையால் அடி வாங்கினார் மனிதர். பிக் வருவதற்கு மூன்று வருடம் முன்பே நடந்தது இது.

கல்வெட்டான்:
அடித்தவர்மேல் வழக்குப் போட்டுத் தீர்ப்பும் வாங்கினாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள் தம்பி? கைதி என்றால் வாயே திறக்கக் கூடாது என்பதுதான் அந்த ஊர் கனவான்களின் எண்ணம். அதே எண்ணம்தான் பிக்கிற்கும்.

சாரம்கட்டி:
நான் சிவில் ஆள், 20 வருடமாகச் சைட்டில் நிற்பவன். எனக்கு அவருடைய வாயைப் பற்றிக் கவலையில்லை, கல்லைப் பற்றித்தான். கலங்கரை விளக்கத்துக்கு 1816இல் அடிக்கல். 1823க்குள் மணற்கல் உதிர ஆரம்பித்து, இரும்புப் பட்டை போட்டுக் கட்டி நிறுத்தினார்கள். கடைசியில் 1883இல் ஜேம்ஸ் பார்னெட் அதன் பக்கத்திலேயே புதிது கட்டினார். ஐந்தாறு வருடத்தில் உதிர்கிற கோபுரத்தைக் கட்டியவரை மேதை என்றால் எங்கள் பில்லெல்லாம் சும்மா பாஸாகுமே!

கல்வெட்டான்:
அந்தக் கல் தாங்காது என்று முதலிலேயே எச்சரித்தவரே அவர்தான். அவசரப்பட்டது கவர்னர். பார்னெட் யார்? அவரும் ஸ்காட்லாந்திலிருந்து 1854இல் குடியேறியவர், சிட்னி தலைமைத் தபால் நிலையம் கட்டியவர், தனக்கென்று பாணி உள்ளவர். அப்படிப்பட்டவர் கிரீன்வேயின் உருவத்தையே ஒட்டித்தானே புதியதையும் கட்டினார்? இன்று போய்ப் பார்ப்பது கிட்டத்தட்ட கிரீன்வேயின் வடிவத்தைத்தான்.

சாரம்கட்டி:
கல்லைத் தெரிந்தவர் என்றால் அந்தக் கல்லில் கட்ட மாட்டேன் என்று நின்றிருக்க வேண்டும் சார்.

கல்வெட்டான்:
யார், நாளுக்கு 3 ஷில்லிங் வாங்கும் கைதியா? மன்னிப்பே அந்த வேலையைப் பொறுத்துத்தான். கலங்கரை விளக்கம் எழும்பிய கையோடு நிபந்தனை மன்னிப்பு. 1819இல் கொட்டடி திறந்தபோதுதான் முழு மன்னிப்பு.

பாரமட்டா பெரியம்மா:
நான் இங்கேதான் இருக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. கொட்டடியின் மேல்மாடிக்கு ஏறிப் பாருங்கள். மரக் கட்டைகளுக்கு நடுவே கித்தான் தொட்டில்களை வரிசையாகக் கட்டி, 600 பேர் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று காட்டியிருக்கிறார்கள். பலகைத் தரைக்கு அடியில் எலிகள் இழுத்துப்போட்ட துணிகள் அப்படியே கிடைத்தனவாம், அதில் ஒரு கைதிச் சட்டையும் உண்டு. வெளியே வந்து நிமிர்ந்தால் செங்கல் சுவர், முக்கோண முகப்பு, நடுவில் கடிகாரம், அதைச் சுற்றி மக்வாரியின் பெயர். ஒரு ஜெயிலுக்கு இந்த லட்சணம் எதற்கு என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. எதிர்ப்புறம் அவருடைய புனித ஜேம்ஸ். கோர்ட்டாக ஆரம்பித்ததைப் பிக் சர்ச் ஆக்கச் சொன்னார். பக்கத்தில் பள்ளிக்கூடமாக எழும்பியது கோர்ட் ஆயிற்று. பாதி கட்டியதை மாற்றச் சொல்லியும் அந்தக் கட்டடம் கோணாமல் நிற்கிறது. அதுக்கு ஒரு கை வேண்டும், சாரம்கட்டி தம்பி.

சாரம்கட்டி:
அது சரி பெரியம்மா. நான் மறுக்கவில்லை, கோபுரத்தைத்தான் சொன்னேன்.

ஓட்டுவீடு:
கட்டடம் அழகு, ஒத்துக்கொள்கிறேன். விவாதம் அவர் ஏன் விழுந்தார் என்பதில். பணத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே! சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர், கட்டிய கட்டடங்களுக்குத் தனியாகத் தொழில் கட்டணம் வேண்டும் என்று 11,000 பவுண்டுக்கு மேல் பில் நீட்டினார். தன்னைத் தூக்கிவிட்ட மக்வாரியே இதில் சலித்துப்போனார். வேலை போன பிறகு அரசாங்க வீட்டையும் காலி செய்யவில்லை. பிக் இல்லாவிட்டாலும் எத்தனை நாள் ஓடியிருக்கும்?

கல்வெட்டான்:
இங்கிலாந்தில் கட்டடச் செலவில் 5 சதவீதத்தைக் கட்டடக் கலைஞர் வாங்குவது வழக்கம். அந்தக் கணக்கில் கேட்டார். கேட்டது தப்பா?

இன்னொன்று. அவருக்கு எதிரிகள் எப்படி முளைத்தார்கள் என்று பாருங்கள். ரம் இறக்குமதி உரிமையைக் கூலியாக வாங்கிக்கொண்டு ஊர்ப் பெரிய மனிதர்கள் கட்டிய ஆஸ்பத்திரியைச் சோதிக்கச் சொன்னார் மக்வாரி. இவர் அதன் ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார். வின்ட்சர் தேவாலயத்தில் கான்ட்ராக்டர் ஹென்றி கிச்சனின் வேலை மட்டம் என்று இடிக்க வைத்தார். (அந்த இடமே ராசியில்லாதது: அடிக்கல்லுக்குக் கீழே கவர்னர் வைத்த ஸ்பானிய டாலர் ராத்திரியே திருடுபோனது, மறுபடி வைத்தார்கள், அதுவும் போயிற்று.) கிச்சன் சுதந்திரமாகக் குடியேறிய கட்டடக் கலைஞர், போட்டிக்காரர். பிக் வந்ததும் அவர் போய் என்ன சாட்சி சொல்லியிருப்பார் என்று ஊகிக்க முடியாதா? மட்டமான வேலையைப் பாஸ் பண்ணியிருந்தால் கிரீன்வே செத்தவரை உத்தியோகத்தில் இருந்திருப்பார்.

ஓட்டுவீடு:
5 சதவீதம் தனியாகத் தொழில் செய்பவருக்கு, அண்ணா. நம்மூர் பொதுப்பணித் துறை இன்ஜினியர் மாதச் சம்பளமும் வாங்கிக்கொண்டு பாலத்துக்குச் சதவீதமும் கேட்டால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிமை என்று ஒரு பத்திரம் காட்டினாரே, அதையே சந்தேகப்பட்டார்கள். எதற்காகக் கப்பல் ஏற்றப்பட்டவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாரமட்டா பெரியம்மா:
அந்தக் கள்ளக் கையெழுத்துக்காரரின் முகத்தைத்தான் 1966இல் ஆஸ்திரேலியாவின் முதல் பத்து டாலர் நோட்டில் அச்சடித்தார்கள். 1837இல் ஹன்டர் ஆற்றுப் பக்கம் வறுமையில் செத்தார், கல்லறைக்கு அடையாளம்கூட இல்லை.

கல்வெட்டான்:
பத்திரம் பொய்யென்று நிரூபித்தவர் யார், ஓட்டுவீடு? சந்தேகம் தீர்ப்பாகாது. அவருக்குப் பின்னால் வந்த அரசாங்கக் கட்டடக் கலைஞர்களைப் பாருங்கள். பார்னெட் 25 வருடத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தவர், கள்ளக் கையெழுத்து கிடையாது, சாட்டையடி கிடையாது. அவரும் 1890இல் சிட்னியின் பேர் (Bare) தீவுக் கோட்டையின் மட்டமான கான்கிரீட்டுக்காக விசாரணைக் கமிஷன் முன் நின்று வேலையை விட்டார். அவருக்கும் வாய்தான் காரணம் என்பீர்களா?

ஓட்டுவீடு:
இல்லை. அது மேற்பார்வை. நீங்கள் எடுத்துக்காட்டியதே என் பக்கம்தான் சாய்கிறது: பார்னெட்டின் தப்பை அரசியல் என்று யாரும் சொல்வதில்லை, கிரீன்வேக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?