விஆர் ஹெட்செட் மாட்டினா மனசாட்சி மாறுமா? கன்டெய்னர் லாரி சோதனைக்கு யோசனை வேணும்

வண்ணை_சைக்காலஜி: காலேஜ் ப்ராஜெக்ட். எண்ணூர் விரைவுச் சாலையில பிரேக் பிடிக்காத கன்டெய்னர் லாரி. நேரா போனா பஸ் ஸ்டாப்புல அஞ்சு பேர், திருப்பிவிட்டா ஓரமா ஒருத்தர் சாவார். திருப்புவீங்களான்னு முதல்ல பேப்பர்ல கேட்டு, அப்புறம் அதே ஆளுக்கு விஆர்ல (கண்ணுல மாட்டிப் பார்க்கிற மெய்நிகர் காட்சி) காட்டப் போறோம். கையில ஒரே ஒரு க்வெஸ்ட் 2 ஹெட்செட். பதில் மாறினா விஆர்தான் காரணம்னு எழுதலாமா அண்ணன்மாரே?

ராயபுரம்_ரயிலடி: எழுத முடியாது தம்பி. பேப்பர்ல சொன்னதை ஹெட்செட்டுலயும் காப்பாத்தப் பார்ப்பாங்க. ஒரு ஆளுக்கு பேப்பர் இல்லேன்னா விஆர், ஏதாவது ஒண்ணு மட்டும்னு பிரிச்சிடு. நேரமும் ரெண்டுக்கும் ஒண்ணா இருக்கணும். விஆர்ல 10 செகண்ட், பேப்பர்ல டீ குடிச்சிக்கிட்டே யோசிக்கலாம்னா, நீ அளக்கிறது அவசரத்தை மட்டும்தான்.

இன்னொண்ணு, திருப்பிவிடுற கதையில பெரிசா வித்தியாசம் வராது. 2012ல நவரேட் குழு விஆர்ல இதே மாதிரி அஞ்சு பேரைக் காப்பாத்த, ஒருத்தர் இருக்கிற தண்டவாளத்துக்கு ரயிலை மாத்துவாங்களான்னு பார்த்தப்போ 147 பேர்ல 133 பேர் மாத்திட்டாங்க. பேப்பர்லயும் பெரும்பாலானவங்க அதையேதான் சொல்லுவாங்க. வண்டியை நிறுத்தி அஞ்சு பேரைக் காப்பாத்த, பாலத்து மேலேருந்து ஒருத்தரைத் தள்ளுற கதையிலதான் இடைவெளி தெரியும். 2016ல ஃப்ரான்சிஸ் குழுவோட சோதனையில பேப்பர்ல சுமார் 10 சதவீதம் பேர்தான் தள்ளலாம்னாங்க, விஆர்ல 70 சதவீதம் பேர் தள்ளினாங்க. நடைமேம்பாலத்துக்கு மாத்து.

வியாசை_கோடர்: அந்த 70ஐ அப்படியே நம்பிடாதீங்க. கன்ட்ரோலர் பட்டன் கையில இருந்தா அழுத்திப் பார்க்கத்தான் தோணும். அதனால லாரி தானா நின்னுடுற காட்சி ஒண்ணும் சேர்த்துடுங்க. தள்ளவே தேவையில்லாத அந்தக் காட்சியிலயும் தள்ளினா அது அறமில்ல, கை அரிப்பு. பட்டனுக்குப் பதிலா ரெண்டு கன்ட்ரோலரையும் முன்னாடி நீட்டித் தள்ள வையுங்க.

அதுக்காக எல்லாமே விளையாட்டுன்னும் சொல்ல மாட்டேன். மேலதிகாரி சொன்னா அடுத்தவங்களுக்கு ஷாக் கொடுப்பாங்களான்னு பார்த்த மில்கிராம் சோதனையை ஸ்லேட்டர் 2006ல விஆர்ல செஞ்சார். அதுல, எதிர்ல இருக்கிறது கம்ப்யூட்டர் உருவம்னு தெரிஞ்சே ஷாக் கொடுத்தவங்களுக்கு உடம்பு படபடத்துச்சு.

வண்ணை_சைக்காலஜி: லாரிக்குள்ள உட்கார வைக்கலாமா?

வியாசை_கோடர்: வேணாம். உடம்பு சும்மா இருக்க காட்சி மட்டும் ஓடினா குமட்டல் வரும், அந்தக் கோபத்துல எதையாவது அழுத்திட்டு கழட்டிடுவாங்க. பாலத்துல நிக்க வை, லாரி மட்டும் வரட்டும். காட்சி 72 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 72 படம்) குறையாம ஓடணும். கண்ணாடி போட்டவங்களுக்கு, லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி தர்ற ஸ்பேசர் மாட்டு. ஜன்னல் வெயில் லென்ஸ்ல விழுந்தா ஸ்கிரீன்ல கறை விழுந்துடும்.

ராயபுரம்_ரயிலடி: மோதுறதுக்கு முன்னாடியே திரையைக் கறுப்பாக்கிடு. ஆள் எடுக்கும்போதே, வீட்டுல யாராவது லாரி விபத்துல போயிருக்காங்களான்னு தனியா கேளு. தண்டையார்பேட்டைலேருந்து எண்ணூர் வரைக்கும் அப்படி வீடு இருக்கு. அவங்களுக்கு இந்தக் காட்சி வேணாம். நடுவுல எப்ப வேணா கழட்டலாம்னு ஒப்புதல் தாள்லயே எழுதிடு.