இரண்டு பழைய ரிசீவர், ஒரே ஏரியல்: ஒன்றில் மட்டும் கேட்கும் ஸ்டேஷன்

டயல்தேடி:
அவசரம், யாராவது சொல்லுங்கள். பழைய ரிசீவர் இரண்டை அருகருகே வைத்து ஒப்பிடுகிறேன். ஏரியல் ஒன்றுதான், மாற்றி மாற்றிச் சொருகுகிறேன். ஹாம் பேண்டில் (அமெச்சூர் ரேடியோக்காரர்கள் பேசும் பட்டை) ஒரு செட்டில் பாட்டும் செய்தியுமாக ஏதோ ஸ்டேஷன் முழங்குகிறது. மற்றதில் அதே இடத்தில் ஹாம்கள் பேசுவது மட்டும்தான். முதல் செட்தானே நன்றாகப் பிடிக்கிறது? இன்னொன்றைக் கொடுத்துவிடலாமா?

கம்பிச்சுருள்:
அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். என்ன மாடல்? டயல் எந்த இடத்தில் நிற்கிறது?

வால்வுநேசன்:
பழைய செட் என்றால் முதலில் பேப்பர் கண்டென்சர்களை எல்லாம் மாற்றுங்கள். பாதிக் கோளாறு அதிலேயே போய்விடும்.

கம்பிச்சுருள்:
கண்டென்சர் கசிந்தால் ஒலி சிதறும். இல்லாத இடத்தில் ஸ்டேஷன் முளைக்காதே சார்.

மூத்தஅலை:
மாடல் பெயர்கூடச் சொல்லாமல் ஒரு கேள்வி. சூப்பர்ஹெட் (வரும் அலையை உள்ளே ஒரே நிலையான அலைவரிசைக்கு மாற்றிக் கேட்கும் செட்) எப்படி வேலை செய்கிறது என்று படித்துவிட்டு வந்திருந்தால் இந்த இழையே வேண்டியதில்லை. எத்தனை பேருக்குத்தான் இதையே எழுதுவது?

டயல்தேடி:
ஸ்டேஷன் கேட்பது ஹாலிகிராஃப்டர்ஸ் எஸ்-38. மற்றது யேசூ எஃப்ஆர்ஜி-7. 14.2 மெகாஹெர்ட்ஸ்.

கம்பிச்சுருள்:
சரி, அப்படியென்றால் அது இமேஜ், வேறு இடத்து ஸ்டேஷனின் போலி. எஸ்-38இன் ஐ.எஃப்., அதாவது உள்ளே மாற்றிக்கொள்ளும் அந்த நிலையான அலைவரிசை, 455 கிலோஹெர்ட்ஸ். அப்படி மாற்றுவதற்குச் செட்டே அலை உண்டாக்கும் ஆசிலேட்டர் நீங்கள் கேட்கும் இடத்துக்கு 455 மேலே ஓடும். அதற்கும் 455 மேலே வலுவான ஸ்டேஷன் இருந்தால் அதுவும் அதே ஐ.எஃப்.பில் வந்து விழும். 14.2உடன் இரண்டு 455, அதாவது 0.91 மெகாஹெர்ட்ஸ் கூட்டினால் 15.11, அது 19 மீட்டர் ஒலிபரப்புப் பட்டை. தடுத்து நிறுத்த எஸ்-38இல் ஆர்.எஃப். ஆம்ப்ளிஃபையர்கூட (ஏரியல் அலையை முதலிலேயே பிரித்துப் பெருக்கும் பகுதி) கிடையாது. எஃப்ஆர்ஜி-7 வாட்லி லூப் என்ற அலைவரிசை மாற்றும் முறையில் ஓடும் செட், முதல் ஐ.எஃப். 55 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருப்பதால் இமேஜ் 100 மெகாஹெர்ட்ஸுக்கும் மேலே போய்விடுகிறது, வடிகட்டுவது சுலபம். அதையே 15.11இல் வைத்துப் பாருங்கள்.

வால்வுநேசன்:
இருக்கட்டும். ஏ.எம். கேட்க வால்வு செட்டின் இதம் டிரான்சிஸ்டரில் வராது.

மூத்தஅலை:
இதம் இருந்து என்ன பயன், ஸ்டேஷனைப் பிரிக்கத் தெரிய வேண்டாமா? ட்ரேக் ஆர்-4பி கேட்டிருக்கிறீர்களா? அதிலும் வால்வு உண்டு.

வால்வுநேசன்:
அது ஹாம் பட்டைகளுக்கென்றே செய்தது. சிற்றலை ஒலிபரப்பு கேட்கத் அந்தந்தப் பட்டைக்குத் தனியாகக் கிறிஸ்டல் தேடி அலைய வேண்டும். ஒப்பிடுவதென்றால் வேலைக்கு வேலை ஒப்பிடுங்கள்.

மூத்தஅலை:
கேள்வியே ஹாம் பேண்டைப் பற்றித்தான்.

எர்த்துக்கம்பி:
இந்தச் சண்டை அப்புறம். எஸ்-38இல் பவர் டிரான்ஸ்பார்மரே கிடையாது, உலோகச் சட்டமான சேஸியில் மெயின்ஸ் மின்சாரம் ஏறி நிற்கலாம். செட் ஓடும்போது ஏரியலைக் கழற்றி மாட்டாதீர்கள். கட்டாயம் மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். வோல்டேஜ் குறைக்கும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர் அந்த வேலையைச் செய்யாது.

டயல்தேடி:
15.11இல் அதே ஸ்டேஷன், அதே குரல். எதையும் கொடுக்கவில்லை. நன்றி.

எர்த்துக்கம்பி:
நல்லது. ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்லவில்லையே.