விவேகானந்தர் சொன்னது வணக்கமோ, விளிப்போ?

உரும்பிராயான்:
நேற்று முகநூலில ஒரு காணொளி பாத்தனான். பேச்சுப் பயிற்சி குடுக்கிற ஒரு பெடியன் கோட்டும் போட்டுக்கொண்டு நிண்டு சொல்லுறார்: "சபைக்கு வணக்கம் சொல்லித் தொடங்குகிறவர் முதல் வரியிலேயே தோற்றுவிட்டார். உலகத்தில் எந்தப் பெரிய பேச்சும் வணக்கத்தோடு தொடங்கியதில்லை." எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. முப்பத்தொரு வருசம் பிள்ளையளைத் தமிழ்த்தினப் போட்டிக்குப் பழக்கினவன் நான்.

அவருக்கு ஒரே ஒரு கேள்வி. 1893 செப்ரெம்பர் 11, சிக்காகோ, சர்வமத மகாசபை. விவேகானந்தர் எழும்பி முதல்ல சொன்னது என்ன? "அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே." இது சபைக்குச் சொன்ன வணக்கம் இல்லையெண்டால் வேற என்ன? இதுக்குத்தான் சனம் இரண்டு நிமிசம் காது அடைக்கக் கைதட்டினது. நான் கட்டிச் சொல்லேல்லை. அந்த வருசம் நவம்பர் 2ஆம் திகதி சென்னையில இருந்த தன்ர சீடர் அளசிங்கப் பெருமாளுக்கு எழுதின கடிதத்தில அவரே சொல்லியிருக்கிறார். அந்த விவேகானந்தர் 1897 சனவரியில யாழ்ப்பாணம் வந்து இந்துக் கல்லூரியில கதைச்சவர். அதே ஊரில இருந்துகொண்டு வணக்கம் வேண்டாமெண்டு பிள்ளையளுக்குப் படிப்பிக்கினம்!

கொக்குவில் கோபி:
ஐயா, அந்தக் "கோட்டுப் பெடியன்" நான்தான். பேரைச் சொல்லியே ஏசியிருக்கலாம்.

விவேகானந்தர் சொன்னது வணக்கம் இல்லை, விளிப்பு. நாங்கள் இஞ்சை சொல்லுறது வேற. போன மாசம் ஒரு பரிசளிப்பு விழாவுக்குப் போனனான். பந்தலுக்கு வெளியில வெயிலுக்க பாண்ட் பெடியள் நிக்கினம். பிரதம விருந்தினர் மைக்கைப் பிடிச்சார். தலைவர் அவர்களே, அதிபர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் அவர்களே, பழைய மாணவர் சங்கச் செயலாளர் அவர்களே... பதினொரு பேர். நடுவில ஒராளை விட்டிட்டார். பின்னால இருந்து ஒருத்தர் துண்டு குடுத்து விட, "மன்னிக்கவும்" எண்டு திரும்பவும் முதல்ல இருந்து! ஒரு பெடியன் மேளத்தோட கீழ இருந்திட்டான். எல்லாம் முடிஞ்சு அவர் சொன்ன முதல் வசனம்: "எனக்கு முன் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள்." இதையா ஐயா விவேகானந்தரோட வைச்சுப் பாக்கிறியள்?

உரும்பிராயான்:
தம்பி, விளிப்பு எண்டால் என்ன? எட்டாம் வேற்றுமை படிச்சனீர்தானே. "சகோதரிகளே" எண்டதில கடைசியில நிக்கிறது என்ன? ஏ. "தலைவர் அவர்களே" எண்டதில கடைசியில நிக்கிறது என்ன? அதே ஏ. இரண்டிலையும் ஒரே ஏகாரம். விவேகானந்தர் சொன்னால் விளிப்பு, எங்கட அதிபர் சொன்னால் அறுவையோ?

பாண்ட் பெடியன் விழுந்தது வெயிலால. வணக்கத்தால இல்லை.

நெடுந்தீவாள்:
இரண்டு பேரிட்டையும் ஒண்டு கேக்கலாமோ? மகள் எட்டாம் வகுப்பு. திங்கட்கிழமை பேச்சுப் போட்டி, தலைப்பு "நிலத்தடி நீர்". நாலு நிமிசம். ரீச்சர் எழுதிக் குடுத்த விளிப்பை மட்டும் கையில மணிக்கூடு வைச்சுப் பாத்தன், 38 வினாடி போகுது. பிள்ளை அந்த 38 வினாடியும் கூரையைப் பாத்துத்தான் ஒப்புவிக்குது. தண்ணி எண்ட சொல்லு வரேக்கைதான் முகத்தில உயிர் வருது. எப்பிடித் தொடங்கச் சொல்ல?

ரொறன்ரோ வாசன்:
இஞ்சை ஒருத்தரும் வணக்கம், பொன்னாடை, மண்ணாங்கட்டி எண்டு நிக்கிறேல்லை. எழும்பின உடன விசயம். மார்ட்டின் லூதர் கிங் "எனக்கொரு கனவு இருக்கிறது" எண்டுதானே தொடங்கினவர்? உலகமே திரும்பிப் பாத்தது. ஊரில இன்னும் 1950இலதான் நிக்கிறியள்.

நெடுந்தீவாள்:
வாசன் அண்ணை, கிங் அப்பிடித் தொடங்கேல்லை. 1963 ஓகஸ்ட் 28 வாசிங்டனில அவர் முதல்ல சொன்னது, உங்களோட இண்டைக்கு இதில சேர்ந்ததில மகிழ்ச்சி எண்டதுதான். கனவு வந்தது பேச்சின்ர பிற்பகுதியில. எழுதிக்கொண்டு வந்த தாளில அது இல்லை. பக்கத்தில நிண்ட பாடகி மகாலியா ஜாக்சன் "கனவைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டு குரல் குடுத்தவ எண்டு சொல்லுவினம்.

உரும்பிராயான்:
பாத்தியளோ! கிங்கும் சபையோட சேர்ந்த மகிழ்ச்சியைச் சொல்லித்தான் தொடங்கினவர். அதுவும் வணக்கம்தான். வாசன் தம்பி, தெரியாததைக் கனடாவில இருந்து தட்டச்சடிச்சால் உண்மையாகிப் போகுமோ?

ரொறன்ரோ வாசன்:
ஆண்டு விழாவுக்குக் காசு சேர்க்கேக்கை மட்டும் கனடா இனிக்குது. கருத்துச் சொன்னால் கசக்குது. சரி, சரி.

கொக்குவில் கோபி:
ஐயா, கிங்கை விடுங்கோ. லிங்கன்? 1863 நவம்பர் 19, கெற்றிஸ்பேர்க். "எண்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்னர் எம் முன்னோர்" எண்டு நேர தொடங்கினவர். ஒரு "அவர்களே" கூட இல்லை. முழுப் பேச்சும் இருநூற்று எழுபது சொல்லளவுதான். அவருக்கு முன்னால எவெரெற் எண்டவர் இரண்டு மணித்தியாலம் பேசினவர். இண்டைக்கு ஆர் நினைவில நிக்கினம்? வள்ளுவர் சொன்னது இதைத்தான்: "பலசொல்லக் காமுறுவர் மன்றமா சற்ற சிலசொல்லல் தேற்றா தவர்."

உரும்பிராயான்:
குறளை எனக்குப் படிப்பிக்க வேண்டாம். அதே வள்ளுவர் அவையறிதல் எண்டு ஒரு அதிகாரமே வைச்சவர். பத்துக் குறள். அவையை அறி எண்டவர், ஆக்கள் இருக்கிறதையே கவனியாமல் கதை எண்டு சொல்லேல்லை. லிங்கன் நிண்டது போரில செத்தவையைத் தாட்ட நிலத்தில. அங்கை ஆருக்கு வணக்கம் சொல்ல? சிக்காகோவுக்கு வாரும். ஏ இருக்கோ இல்லையோ?

வண்ணை மைந்தன்:
ஒருத்தரும் ஆறுமுக நாவலரைச் சொல்லேல்லை. 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில முதல் பிரசங்கம். அப்ப அவருக்கு வயசு 25. அந்த நேரம் பேர்சிவல் பாதிரியாரோட பைபிள் மொழிபெயர்ப்பு வேலையில நிண்டவர். ஒரு பொருளை எடுத்துச் சனத்துக்கு விளங்கப்படுத்திப் பேசுற முறையைப் பாதிரிமாரிட்டைப் பாத்துத்தான் கோயிலுக்குள்ள கொண்டுவந்தவர். புதுசா ஒண்டைப் படிக்க நாவலரே வெக்கப்படேல்லை. நாங்கள் ஏன் கோட்டைக் கண்டு கோபிக்கிறம்?

உரும்பிராயான்:
நாவலரையும் முகநூல் காணொளிக்காரரையும் ஒரே தட்டில வைக்காதேயும். நாவலர் விபூதியை அழிச்சுப்போட்டு மேடையேறேல்லை. எடுக்கிறதை எடுத்தவர், விடக்கூடாததை விடேல்லை. வணக்கம் விடக்கூடாதது.

சிவலை:
உரும்பிராயான் சேர், ஒண்டு கேக்கவேணும். 1998 கோட்ட மட்டப் போட்டியில நடுவரா இருந்தனீங்களோ? நான் "நடுவர்களே" எண்டு சொல்ல மறந்ததுக்கு அஞ்சு புள்ளி வெட்டினது. மூண்டு புள்ளியால இரண்டாமிடம். பேச்சு முடிய கடைசி வரிசையில இருந்த ஒரு அம்மா வந்து என்ர கையைப் பிடிச்சு அழுதவ. இடம்பெயர்ந்து போனதைப் பற்றித்தான் பேசினனான். "சைக்கிளின் பின் கரியரில் அம்மம்மாவை ஏற்றினோம்" எண்டு தொடங்கினனான். மண்டபம் அப்பிடியே அடங்கிப்போச்சு. ஆனால் புள்ளித்தாளில "அவை விளிப்பு: 0". அந்தத் தாள் இப்பவும் என்னட்டை இருக்கு.

உரும்பிராயான்:
அண்டைக்கு நடுவர் மூண்டு பேர். ஆர் வெட்டினது எண்டு எனக்கு நினைவில்லை. விதி விதிதான். விளிப்புக்கு அஞ்சு புள்ளி எண்டு போட்டிருந்தால் அதைச் சொல்லாத பிள்ளைக்கு எப்பிடிப் போடுறது?

சிவலை:
அப்ப நீங்கள் இருந்தனீங்கள். சரி. அது போதும் எனக்கு.

கொக்குவில் கோபி:
பாத்தியளோ ஐயா, இதுதான் நான் சொல்ல வந்தது. சிவலை அண்ணையின்ர முதல் வரியை வாசிக்கவே எனக்கு நெஞ்சுக்க ஏதோ செய்யுது. சைக்கிள், கரியர், அம்மம்மா. மூண்டு சொல்லுக்க 1995 இடப்பெயர்வு முழுக்க நிக்குது. அதுக்குப் புள்ளி இல்லை, "அவர்களே"க்குப் புள்ளி!

சிக்காகோவிலையும் சனம் கைதட்டினது உங்கட ஏக்கு இல்லை. சகோதரி எண்ட சொல்லுக்கு. முன்பின் தெரியாத ஒரு மனுசன் கடல் கடந்து வந்து நிண்டு அக்கா, தங்கச்சி எண்டு கூப்பிடுறான். "மாண்புமிகு தலைவர் அவர்களே" எண்டிருந்தால் ஒரு கையாவது தட்டியிருக்குமோ?

உரும்பிராயான்:
அடுத்த வசனத்தையும் சொல்லுமன்! ஏன் மறைக்கிறீர்? நீங்கள் தந்த அன்பான வரவேற்பால மனம் நிறைஞ்சிருக்கு எண்டார். பிறகு உலகத்தின்ர மிகப் பழைய துறவியர் மரபின்ர பேரால நன்றி எண்டார். முதல்ல விளிப்பு, பிறகு மகிழ்ச்சி, பிறகு நன்றி. எங்கட பிள்ளையள் சொல்லுற ஒழுங்கு அச்சொட்டா அதுதான். நான் முப்பத்தொரு வருசம் படிப்பிச்சதும் அதுதான்.

நெடுந்தீவாள்:
சேர், அதே கடிதத்தில இன்னொண்டும் இருக்கு. நெஞ்சு படபடத்து நாக்கு வறண்டுபோய், காலையில பேசத் துணிவில்லாமல் இருந்தவர் எண்டு அவரே எழுதியிருக்கிறார். மகளுக்கு அதைத்தான் வாசிச்சுக் காட்டினன். "அவருக்குமோ அம்மா?" எண்டு கேட்டிட்டுச் சிரிச்சவள். நான் கேட்டதுக்கு ஒருத்தரும் இன்னும் மறுமொழி சொல்லேல்லை.

வண்ணை மைந்தன்:
தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவுக்குப் பாக்கின்சன் வருத்தம். குரல் எழும்பாது. என்ர அப்பா சொல்லுவார், அவர் மேடைக்கு வந்தால் கச்சான் விக்கிறவர் கூட வண்டிலை நிப்பாட்டிப்போட்டு நிப்பாராம். தொடக்கத்தில என்ன சொன்னவர் எண்டு அப்பாவுக்கு நினைவில்லை. ஆர் சொல்லுறது எண்டதுதான் சனத்துக்கு முக்கியம்.

ரொறன்ரோ வாசன்:
அரசியல் வந்திட்டுது. இனித் திரி உருப்பட்டமாதிரித்தான்.

வண்ணை மைந்தன்:
மண்ணாங்கட்டி எண்டு தொடங்கினது நீர்.

நெடுந்தீவாள்:
நானும் மகளும் இருந்து எழுதிப்போட்டம். இப்பிடித் தொடங்கப் போறாள்: "எங்கள் வீட்டுக் கிணறு முப்பது அடி. அப்பப்பா கையால் வெட்டியது. ஐந்து வருடமாக அந்தத் தண்ணீரை அம்மா எனக்குக் குடிக்கத் தருவதில்லை. அவையோர் அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. எங்களுக்கு இருப்பது நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல்லில் தேங்கும் மழை மட்டும்தான்." விளிப்பு ஒரே வரி. இந்த முறை கூரையைப் பாக்கேல்லை, என்னைப் பாத்துத்தான் சொன்னவள்.

கொக்குவில் கோபி:
அக்கா, அருமை! முதல் வரி கிணறு, வணக்கம் பிறகு. நான் காணொளியில சொன்னது இதேதான்.

உரும்பிராயான்:
எங்கை சொன்னனீர்? வணக்கம் வேண்டாமெண்டு சொன்னனீர். பிள்ளை வணக்கம் சொல்லுது. பிள்ளை, அந்த வணக்கத்தை முதல் வரிக்கு ஏத்தும். நடுவரைக் காக்க வைக்காதேயும். "நடுவர் அவர்களே" எண்டதையும் சேரும், புள்ளி போகும்.

சிவலை:
நெடுந்தீவாள் அக்கா, ஒண்டையும் மாத்தாதேங்கோ. திங்கட்கிழமை நடுவர் ஆர் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்கோ.

உரும்பிராயான்:
சிவலை, 1998ஐ விடும். நான் நடுவரா இருக்கிறதை விட்டு எட்டு வருசம். கோபி, கிணத்துக்குப் பின்னால ஒளியாதேயும். காலமையில இருந்து கேக்கிறன், இன்னும் பதில் இல்லை. "சகோதரிகளே" எண்டதில ஏ இருக்கோ இல்லையோ?