ஜாஸ் கேட்கப் பழகுகிறேன், அடுத்து எதைக் கேட்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். வேலூர் வெயிலுக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் மொட்டை மாடியில் உட்கார முடிகிறது. அந்த நேரத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஜாஸ் கேட்பது பழக்கமாகிவிட்டது.

கத்ரி கோபால்நாத்தின் கர்நாடக சாக்ஸபோன் கேசட் ஓடிய வீட்டில் வளர்ந்தவன் நான். அதனால் அவரும் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து 2008இல் தந்த 'கின்ஸ்மென்' ஆல்பம் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அப்புறம் ஜாஸையும் நம் இசையையும் கலந்து வாசிக்கும் சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' (2023). செல்வகணேஷின் கஞ்சிரா வந்தால் கை தானாகத் தொடையில் தாளம் போடுகிறது.

சிக்கல் 'லவ் இன் எக்ஸைல்' ஆல்பம் கேட்டபோதுதான். விஜய் ஐயரின் பியானோ, அரூஜ் அஃப்தாபின் உருதுப் பாட்டு, ஷஹ்சாத் இஸ்மாயிலியின் பேஸ் கிட்டார். டிரம்ஸே கிடையாது! தாளத்தைத் தேடித் தேடி முதல் தடவை தூங்கியே போனேன். மூன்றாம் தடவை, பேஸைத் தம்புரா மாதிரி நினைத்துக்கொண்டு கேட்டேன். பிடிபட்டது. இப்போது விட மனசில்லை.

இந்த வகையில் சமீபத்திய ஆல்பங்கள் சொல்லுங்களேன். மியூசிக் ஆப்பை நம்பினால் சாக்ஸபோன் என்ற ஒரே காரணத்துக்காக ஓட்டல் லிஃப்ட் இசையாகத் தள்ளுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக வந்து குவிகிறதே, நீங்கள் எப்படிப் பொறுக்குகிறீர்கள்?

காட்பாடி, பாகாயம் பக்கம் நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்கிறேன். ஆம்பூர் பிரியாணி என் செலவு.