ஆரன் ஸ்மித் ட்ரை: நாக்-ஆன் நிஜம், ரத்து செய்தது சரியா?

மாட்டுங்கா_மணி:
மும்பை ரக்பி வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஓடும் சண்டையை இங்கே கொண்டுவருகிறேன். அங்கே குட்மார்னிங் படங்களுக்கு நடுவே எதையும் தேட முடியவில்லை.

2023 ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டம்: அக்டோபர் 28, பாரிஸ், நம் நேரம் நள்ளிரவு 12.30. முடிவு: தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. 54ஆவது நிமிடத்தில் நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் ட்ரை வைத்தார் (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுப்பது). டி.எம்.ஓ. (வீடியோ நடுவர்) டாம் ஃபோலி வீடியோவைப் பின்னோக்கி ஓட்டி, லைன்அவுட்டில் (வெளியே போன பந்தைப் பக்கக் கோட்டிலிருந்து உள்ளே எறியும்போது) அதே அணியின் ஆர்டி சவேயா கையிலிருந்து பந்து முன்னால் போனதை, அதாவது நாக்-ஆனை, காட்டினார். நடுவர் வெய்ன் பார்ன்ஸ் ட்ரையை ரத்து செய்தார். நாக்-ஆன் நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்றைய விதிப்படி இந்த மாதிரித் தவறுக்கு டி.எம்.ஓ. இரண்டு ஃபேஸ் (ஒரு டாக்கிளுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ஆட்டம்) வரைதான் பின்னால் போகலாம். சவேயா தட்டியது அதற்கும் முன்னால். அதிகாரம் இல்லாத இடத்தில் எடுத்த முடிவு செல்லாது என்பது என் கட்சி.

செம்பூர்_காயத்ரி:
நாக்-ஆன் நிஜம்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க சார், அப்புறம் என்ன வழக்கு? எல்லையை அப்படியே பிடிச்சா என்ன ஆகும்னு 2015 உலகக் கோப்பை கால் இறுதியில பார்த்தோம். ஸ்காட்லாந்து 34, ஆஸ்திரேலியா 32. கடைசி நிமிஷங்கள்ல ஸ்காட்லாந்தின் ஜான் வெல்ஷ் பந்துக்கு முன்னால நின்னு ஆடினார், அதாவது ஆஃப்சைடுன்னு நடுவர் கிரெய்க் ஜூபேர் பெனால்டி கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் பெர்னார்ட் ஃபோலி உதைச்சார், 35-34, ஸ்காட்லாந்து வீட்டுக்குப் போச்சு. நடுவுல ஆஸ்திரேலியாவின் நிக் ஃபிப்ஸ் பந்தைத் தொட்டிருந்தார், அதனால அது ஆஃப்சைடே இல்ல, ஸ்க்ரம்தான் (ரெண்டு அணி முன்கள ஆட்களும் பிணைஞ்சு பந்துக்காகத் தள்ளுறது) கொடுத்திருக்கணும்னு ஆட்டத்தை நிர்வகிக்கிற வேர்ல்ட் ரக்பியே பிறகு சொல்லிச்சு. ரீப்ளே இருந்தும் டி.எம்.ஓ.வைக் கேட்க விதியில இடமில்ல. அந்த மாதிரி எல்லையைத்தான் நீங்க கும்பிடச் சொல்றீங்க.

மாட்டுங்கா_மணி:
ஜூபேர் தப்பாகப் பார்த்தார், ஆனால் வரம்பை மீறவில்லை. (விசில் ஊதிய கையோடு மைதானத்தை விட்டு ஓடியது வேறு கதை.) ஃபேஸ் எல்லை சும்மா வைத்ததல்ல. எந்த ரக்கை (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் நின்று முட்டும் குவியல்) நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் ஏதாவது அகப்படும்: டாக்கிள் செய்தவர் உருண்டு விலகாதது, ஜாக்கல் செய்பவர், அதாவது பந்தைப் பறிக்கக் குனிபவர், தன் எடையைத் தன் காலில் தாங்காமல் கீழே கிடப்பவர் மேல் சாய்ந்தது, பக்கவாட்டிலிருந்து நுழைந்தது. ஆறு ஃபேஸ் பின்னால் போனால் ஒரு ட்ரையும் தேறாது. முரட்டு ஆட்டத்துக்கு மட்டும் அந்த எல்லை கிடையாது. தலையில் அடிபடுகிற விஷயம் என்பதால் அது நியாயம்.

தாராவி_முத்து:
அண்ணாச்சி, தலை விஷயத்துலதான் பெரிய கூத்தே. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம். அந்த உலகக் கோப்பை முதல் வாரத்தையே எடுங்க. இங்கிலாந்து டாம் கரி, அர்ஜென்டினா மல்லியா மேல தலையோட தலை மோதுனாரு. மஞ்சள் கார்டு, பங்கர் (களத்துக்கு வெளிய வீடியோ பாத்து முடிவு சொல்லுத அதிகாரி) பார்த்துச் சிவப்பாச்சு. மறுநாள் அதே மார்சேயில தென்னாப்பிரிக்கா ஜெஸ்ஸி க்ரியல் ஸ்காட்லாந்து டெம்ப்சி மேல அதே மாதிரி மோதுனாரு. கார்டே இல்ல. பெரிய டீமுக்கு ஒரு தராசு, மத்தவங்களுக்கு ஒரு தராசு.

செம்பூர்_காயத்ரி:
கரி எந்த டீம்? இங்கிலாந்து சின்ன டீமா? அதே வாரம் சிலே கேப்டன் சிக்ரென் ஜப்பானோட ஆட்டத்துல தலையில மோதினார். அது மஞ்சளோட நின்னுது. உங்க தராசுப்படி அவருக்குத்தானே முதல்ல சிவப்பு வரணும்?

க்ரியல் தப்பிச்சது தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அது பாரபட்சம் இல்ல, படி தவறினது. நடுவர் வரிசையா நாலு கேள்வி கேட்கணும்: தலையில பட்டதா? அது விதிமீறலா? அபாயம் அதிகமா குறைவா? தணிக்கிற காரணம் உண்டா? அபாயம் அதிகம்னா சிவப்புல ஆரம்பிக்கணும். பந்து வச்சிருக்கறவர் திடீர்னு குனிஞ்சாலோ திசை மாறினாலோ ஒரு படி இறக்கலாம். வேணும்னே செஞ்சதுக்கு அந்தச் சலுகை கிடையாது. களத்துல தெளிவில்லைன்னா நடுவர் கையைக் குறுக்கே வச்சு மஞ்சள் காட்டுவார், பங்கருக்கு எட்டு நிமிஷம். க்ரியல் விஷயத்துல முதல் கேள்வியையே யாரும் கேட்கல.

தாராவி_முத்து:
சரி மேடம், சிக்ரெனை விடுதேன். அதே வருஷம் ஆகஸ்ட் மாசத்துக்கு வாங்க. வேல்ஸ் ஆட்டத்துல இங்கிலாந்து ஓவன் ஃபாரலுக்குப் பங்கர் சிவப்பு கொடுத்துது. ஒழுங்குக் குழு அதைத் தூக்கிட்டு. அதே வாரத்துல டோங்கா ஜார்ஜ் மோலாவுக்கு, ஆளைத் தலைகீழாத் தூக்கிப் போட்டதுக்கு, அஞ்சு ஆட்டம் தடை. இதுக்கு என்ன சொல்லுதீய?

மாட்டுங்கா_மணி:
முத்து, அது குழு செய்த கூத்து, அதை நடுவர் தலையில் கட்டாதீர்கள். ஃபாரலின் சக வீரர் ஜேமி ஜார்ஜ் மோதியதால் பந்து வைத்திருந்தவர் கடைசி நொடியில் திசை மாறினார் என்று சொல்லித்தான் குழு சிவப்பை எடுத்தது. வேர்ல்ட் ரக்பி மேல்முறையீடு போய் ஃபாரலுக்கு நாலு ஆட்டத் தடை வாங்கியது. அந்த ஆட்டத்தின் நடுவரும் பங்கரும் முதலிலேயே சரியாகத்தான் இருந்தார்கள்.

தாராவி_முத்து:
மேல்முறையீடு போகாம இருந்திருந்தா? சரி, அதை விடுங்க. நீங்க ரெண்டு பேரும் டி.எம்.ஓ.லயே நிக்கீய, ஸ்க்ரம் பக்கம் யாருமே போகல. 2023 உலகக் கோப்பையில தென்னாப்பிரிக்கா கடைசி மூணு ஆட்டமும் ஒரே ஒரு புள்ளியில ஜெயிச்சுது: 29-28, 16-15, 12-11. இங்கிலாந்தோட ஆடுன அரையிறுதியில 77ஆவது நிமிஷம் பொல்லார்ட் உதைச்ச பெனால்டி எங்கிருந்து வந்துது? ஸ்க்ரம்ல இருந்து.

ஸ்க்ரம் சரியுறது எப்படினு பாருங்க. லூஸ்ஹெட் (முன்வரிசை இடது ஆள்) எதிராளி ஜெர்சியை முதுகு இல்லேன்னா விலாப் பக்கம் பிடிக்கணும். டைட்ஹெட் (முன்வரிசை வலது ஆள்) கையைக் குட்டையா மடிச்சுப் பிடிச்சா முழங்கை கீழ போகும், தோள் இறங்கும், மொத்தமும் குப்புற விழும். லூஸ்ஹெட் உள்பக்கமாச் சாய்ஞ்சு தள்ளுனாலும் அதே கதிதான். ரெண்டும் ஒரே நொடியில நடக்கும். நடுவர் நிக்கது ஒரு பக்கம், மறுபக்கம் உதவி நடுவர் தூரத்துல. டி.எம்.ஓ. வாயைத் திறக்க மாட்டாரு. ஊகத்துக்கு மூணு புள்ளி! ஜிம்கானா மைதானத்து மழைச் சேறுல இது இன்னும் மோசம்.

செம்பூர்_காயத்ரி:
அப்போ சரிஞ்சா பெனால்டி வேண்டாம், ஃப்ரீ கிக் (அதுல நேரா கோலுக்கு உதைச்சுப் புள்ளி எடுக்க முடியாது) போதும்னு மாத்தலாமே. மூணு புள்ளி போகாது.

மாட்டுங்கா_மணி:
மாற்றினால் பலமில்லாத அணி ஒவ்வொரு தடவையும் வேண்டுமென்றே கீழே விழும். போதாததற்கு 2024 ஜூலையிலிருந்து ஃப்ரீ கிக்குக்குப் பதிலாக மறுபடி ஸ்க்ரம் கேட்கவும் முடியாது. பலமான முன்வரிசை வைத்திருப்பதில் என்ன லாபம்?

அந்த அரையிறுதிப் பெனால்டி என் கணக்கில் சரி. அந்தப் பாதி முழுக்க இங்கிலாந்து ஸ்க்ரம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

தாராவி_முத்து:
பின்னால போறதும் சரிக்கிறதும் ஒண்ணா அண்ணாச்சி? நாலாவது ஃபேஸ்ல கைவிரல் பட்டது வரைக்கும் பாக்கணும்கிறாங்க மேடம், விதியில ஒரு எழுத்தும் நகரக் கூடாதுங்கீய நீங்க. 77ஆவது நிமிஷத்து ஸ்க்ரமை மெதுவா ஓட்டிப் பாருங்க. யாரு முழங்கை முதல்ல இறங்குச்சுனு சொல்லுங்க, அப்புறம் பேசுவோம்.