அக்ரானிக்கல் என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே, வானியல் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன், 'அக்ரானிக்கல்' (acronychal) என்ற ஆங்கிலப் பெயரடையில் இரண்டு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பொருள் புரிகிறது. மேற்கே சூரியன் மறையும்போது ஒரு விண்மீனோ கோளோ கிழக்கே உதித்தால் அதற்கு அக்ரானிக்கல் உதயம் என்று பெயர். பௌர்ணமி நிலவை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதே காட்சிதான். நவம்பர் மூன்றாவது வாரத்தில் கார்த்திகை மீன்கூட்டமும் இப்படித்தான் எழுந்து விடிய விடியத் தெரியும். வானியலாளர் கெப்ளர் செவ்வாயின் பாதையைக் கணக்கிட எடுத்துக்கொண்டதும், அந்தக் கோள் சூரியனுக்கு நேர் எதிரே இருந்தபோது எடுத்த இத்தகைய அளவீடுகளைத்தான்; அவருக்கு முந்தைய வானியலாளர் டைகோ பிராகி எடுத்தவை 10, கெப்ளரே எடுத்தவை 2.

வேர்ச்சொல் கிரேக்கம். 'அக்ரோஸ்' என்றால் முனை, 'நிக்ஸ்' என்றால் இரவு, ஆக இரவின் முனை, எவ்வளவு அழகு! எழுத்துக்கூட்டலில் பல வடிவங்கள் இருப்பதால் காலத்தைக் குறிக்கும் 'குரோனோஸ்' என்று நானும் முதலில் தப்பாக நினைத்துவிட்டேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, சிக்கல் இதுதான். 'அந்தி உதயம்' என்று போடலாமா? ஆனால் சூரியனோடு சேர்ந்து மேற்கே மறைவதற்கும் இதே பெயரடைதான், அங்கே 'அந்தி மறைவு' என்றால் வாசகருக்குப் புரியுமா? பழைய சோதிட நூல்களிலோ கலைச்சொல் அகராதியிலோ பொருத்தமான சொல்லைப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், எந்த நூல் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.