கில்டுக்கு இணையதளம் கட்டுகிறேன். உள்ளே எதை வைப்பது?

பாளையங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் ஐரோப்பிய சர்வர் ஒன்றில் இருக்கும் எங்கள் கில்டில் (சேர்ந்து விளையாடும் குழுவில்), நம் ஊர்ப் பக்கத்துப் பையன்களோடு ஜெர்மனி, போலந்து நாட்டவரும் இருக்கிறார்கள். பேச்செல்லாம் டிஸ்கார்டு என்னும் அரட்டைச் செயலியிலேயே நடப்பதால், ரெய்டில் (பலர் சேர்ந்து பெரிய எதிரிகளை வீழ்த்தும் ஆட்டத்தில்) கிடைக்கும் பொருளை யாருக்குக் கொடுப்பது என்று போன மாதம் முடிவு செய்ததைக்கூட இன்று தேடி எடுக்க முடிவதில்லை. ஆகவே ஒரு தளம் தொடங்கி, முகப்புப் படத்துக்கும் அதன்மேல் விழும் பனித்துளிகளுக்குமே இரண்டு வாரம் செலவழித்தேன். பார்த்தவர்கள் அழகாயிருக்கிறது என்றார்கள். மறுபடி ஒருவரும் வரவில்லை.

பேட்டைவாசி:
வாசலில் வாழைமரம் கட்டிவிட்டுப் பந்தியில் இலை போடாமல் விட்டிருக்கிறீர்கள். முதலில் ரெய்டு நாட்காட்டியை வையுங்கள். ஜெர்மனியில் இரவு 8 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 11.30, அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதும் அதுவே நள்ளிரவு 12.30 ஆகி, புதன்கிழமை ரெய்டு நமக்கு வியாழக்கிழமைக்குப் போய்விடும். மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை மறுபடி முன்னால் திருப்பிய பிறகு பழைய நினைப்பில் வருகிறவர் ஒரு மணி நேர ஆட்டத்தை இழப்பார். நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமித்து, பார்ப்பவரின் ஊர் நேரத்தில் காட்டுங்கள்.

தென்காசிச் சாரல்:
ஒரு திருத்தம். ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிக்கு யூடிசி சரி. வாரந்தோறும் வரும் ரெய்டை அப்படிச் சேமித்தால், கடிகாரம் மாறும்போது ஜெர்மனிக்காரருக்கு நேரம் தவறிவிடும். 'ஐரோப்பா/பெர்லின்' என்ற நேர மண்டலப் பெயரோடு சேமிக்க வேண்டும்.

பொருள் பங்கீட்டு விதிகளைத் தனிப் பக்கத்தில், எந்தத் தேதியில் எது மாறியது என்ற குறிப்போடு எழுதுங்கள். கில்டு உடைவதில் பாதி இந்தச் சண்டையால்தான் என்பது என் அனுபவம். உறுப்பினர் பட்டியலைக் கையால் எழுத வேண்டாம், விளையாட்டை உருவாக்கிய பிளிசார்டு நிறுவனத்தின் ஏபிஐ (நம் தளம் அவர்களிடமிருந்து தகவலை நேராக வாங்கும் வசதி) வழியாகவே எடுக்கலாம். மிதிக் என்னும் மிகக் கடினமான நிலை ரெய்டுக்குச் சரியாக 20 பேர் தேவைப்படுவதால், வருவேன், வரமாட்டேன் என்று அழுத்த ஒரு பொத்தானும் அவசியம். பனித்துளியை எடுத்துவிடுங்கள், இங்கே காற்றடித்துக் கரண்ட் போனால் எல்லோரும் செல்போனில்தான் பார்ப்போம்.

பாளையங்கோட்டைக்காரன்:
பனித்துளியை எடுத்துவிட்டேன் அண்ணாச்சி. நாட்காட்டியைப் பெர்லின் நேரத்தில் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அரட்டைப் பகுதி ஒன்றும் வைக்க நினைத்திருந்தேன், வேண்டுமா?

பேட்டைவாசி:
வேண்டாம். அதற்கு டிஸ்கார்டு போதும்.